எலிக்கு எதற்கு யூரின் டெஸ்ட்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என்ன தலைப்பில் பேசுகிறீர்கள்?" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "வளர்ப்பு எலிக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா, சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வேலைவாய்ப்பு பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்களேன்" என்றார். முடிந்தால் சேர்த்துக்கொள்கிறேன்.

நான் 2009-ல் இங்கே இன்ஸ்ட்ருமென்டேஷன் முடித்தவன். இப்போது இங்கிலாந்தில் வேலை. குழாயில் ஓடும் தண்ணீரையும் எண்ணெயையும் அளக்கும் ஃப்ளோ மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து, சான்றிதழ் கொடுக்கும் வேலை. ஆகவே மருத்துவம் எனக்குத் தெரியாது. அளப்பது கொஞ்சம் தெரியும். இன்று பேசப்போவது முழுக்க அளப்பதைப் பற்றித்தான். எலி ஒரு சாக்கு.

முதலில் எலி எப்படி வீட்டுக்குள் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வீட்டுக்குள் எலி வந்தால் பொறி வைப்போம். கோயிலில் பிள்ளையார் காலடியில் இருந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அதையும் மூஞ்சூறு என்போம், எலி என்று சொல்ல மாட்டோம். அங்கே காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனில் எலி பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஜாக் பிளாக் என்பவர், பிடித்த எலிகளில் விசித்திர நிறம் உள்ளவற்றை ஒதுக்கி வளர்த்து விற்றிருக்கிறார். 1901-ல் ஐல்ஸ்பரி என்ற ஊரில் நடந்த கண்காட்சியில் எலிகளுக்கும் ஒரு பிரிவு வைத்தார்கள். 1976-ல் எலி வளர்ப்போருக்கென்றே தேசிய அளவில் ஒரு சங்கமும் வந்துவிட்டது. நாமும் இங்கே சங்கம் என்று சொல்லித்தான் கூடியிருக்கிறோம், அதனால் நான் சிரிக்கவில்லை.

என் மகளுக்கு ஆறு வயதானபோது இரண்டு ஆண் எலிகள் வாங்கினோம். அண்ணன் தம்பி. தலையும் தோளும் கறுப்பாக இருப்பவன் மிளகு, பழுப்பு நிறத்தவன் இஞ்சி. வீடியோ காலில் பார்த்த என் அம்மா, "ஏண்டா தம்பி, காசு குடுத்தா எலி வாங்குனீங்க?" என்று கேட்டது இன்னும் எங்கள் வீட்டில் பழமொழியாக இருக்கிறது. ஆனால் புத்திசாலிப் பிராணி. பெயர் சொன்னால் வரும், தோளில் ஏறி உட்காரும். ஒரே குறை ஆயுள்தான். இரண்டு, மிஞ்சினால் மூன்று வருஷம். குழந்தை அதன்மேல் பிரியம் வைத்து முடிப்பதற்குள் அதற்கு முதுமை வந்துவிடுகிறது.

மிளகுக்கு இருபத்திரண்டு மாதம் ஆனபோது தண்ணீர் பாட்டில் சீக்கிரம் காலியாக ஆரம்பித்தது. கூண்டில் விரிக்கும் காகிதம் ஒரே நாளில் நனைந்துபோனது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. நன்றாகத்தான் சாப்பிடுகிறான், ஆனால் இளைக்கிறான். என் மனைவி ஒரே வார்த்தையில் சொன்னாள்: "சுகர்." தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் அதுதான் முதலில் தோன்றும். நிறையத் தண்ணீர், நிறையச் சிறுநீர், சாப்பிட்டும் இளைப்பு. என் அப்பாவுக்கு பதினெட்டு வருஷமாகச் சுகர். மகளுக்கும் அந்த வார்த்தை தெரியும். "மிளகுக்கும் தாத்தா மாதிரி ஊசி போடணுமா?" என்று கேட்டாள்.

இங்கேதான் சிக்கல். சிறுநீரகம் கெட்டாலும் இதே மூன்று அறிகுறிகள்தான். வெளியே பார்த்தால் இரண்டு நோய்க்கும் முகம் ஒன்று. வயதான எலிகளில் சிறுநீரகம் மெதுவாகப் பழுதடைவது மிக மிகச் சாதாரணம், அதுவும் ஆண் எலிகளில். தானாக வரும் சர்க்கரை நோய் அதை ஒப்பிட்டால் அபூர்வம். வேடிக்கை பாருங்கள், உலகத்தில் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு அதிகம் பயன்பட்ட பிராணிகளில் ஒன்று எலி. ஆனால் அந்த எலிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் தானாக வரவில்லை. 1943-லிருந்து அலாக்ஸான், 1963-லிருந்து ஸ்ட்ரெப்டோஸோடோசின் என்ற மருந்துகளை ஏற்றி, இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்து உண்டாக்கினார்கள். 1974-ல் கனடாவில் ஆய்வுக்கூட எலிகள் சிலவற்றுக்கு நோய் தானாக வந்தபோது, அதைத் தனி வம்சமாகவே பாதுகாத்து வளர்த்தார்கள். அவ்வளவு அரிது.

சரி, எது என்று எப்படிப் பிரிப்பது? சிறுநீரைச் சோதிக்க வேண்டும்.

நம் முன்னோர் வைத்தியத்தில் சிறுநீரில் எறும்பு மொய்த்தால் மதுமேகம் என்றார்கள். பிறகு பெனடிக்ட் கரைசல் வந்தது. பிளஸ் டூவில் டெஸ்ட் ட்யூபில் போட்டுக் கொதிக்க வைத்து, நீலம் செங்கல் நிறமாக மாறியதைப் பார்த்த ஞாபகம் பலருக்கு இருக்கும். 1956-ல் அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் ஃப்ரீ, ஹெலன் ஃப்ரீ என்ற விஞ்ஞானத் தம்பதியரின் ஆய்வில் பிறந்த சர்க்கரை ஸ்ட்ரிப் சந்தைக்கு வந்தது. அடுத்த வருஷமே புரதத்துக்கும் ஒன்று. இன்று ஒரே ஸ்ட்ரிப்பில் பத்துக் கட்டங்கள் இருக்கின்றன. நனைத்து, கடிகாரம் பார்த்து, டப்பாவில் ஒட்டியுள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டியதுதான். எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும்.

எலியிடமிருந்து சிறுநீர் வாங்குவது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. காலையில் தூங்கி எழுந்தவுடன் தூக்கி, சுத்தமான ஒரு காலி பிளாஸ்டிக் தட்டில் விட்டால் ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். புது இடத்தில் தன் வாசனையை விட்டுச்செல்வது அதன் சுபாவம். ஒரு சிரிஞ்சில் உறிஞ்சி ஸ்ட்ரிப்பின் மேல் சொட்டு சொட்டாக விடலாம். ஆனால் அந்தத் தட்டை ப்ளீச் போட்டுக் கழுவியிருக்கக் கூடாது. ப்ளீச் ஒரு துளி மிச்சமிருந்தாலும் சர்க்கரைக் கட்டம் நிறம் மாறும். இல்லாத சர்க்கரை இருப்பதாகக் காட்டும். வைட்டமின் சி நேர்மாறு. அது இருக்கிற சர்க்கரையை மறைக்கும். மனிதனைப் போலில்லாமல் எலி வைட்டமின் சி-யைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும் பிராணி. ஆகவே ஒரு தடவை 'இல்லை' என்று வந்ததோடு விட்டுவிடாமல், நாலைந்து நாள் விட்டு விட்டுப் பார்க்க வேண்டும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் மழைக்காலத்தில் வரும் எலிக்காய்ச்சலுக்குக் காரணமான கிருமி எலியின் சிறுநீரகத்தில்தான் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் செய்யாது, சிறுநீர் வழியாக வெளியே வந்து மனிதனைப் பிடிக்கும். 2017-ல் அமெரிக்காவில் வளர்ப்பு எலிகளிடமிருந்து சியோல் வைரஸ் என்ற இன்னொன்று மனிதர்களுக்குப் பரவியதும் உண்டு. செல்லப் பிராணி என்றாலும் எலி எலிதான்.

நிற்க. எங்கள் மிளகுக்கு வருவோம். சர்க்கரைக் கட்டம் நிறம் மாறவில்லை. ஐந்து நாள் பார்த்தோம், ஐந்து நாளும் இல்லை. ஆனால் புரதக் கட்டம் பச்சையாகி இரண்டு பிளஸ் காட்டியது. மனிதனுக்கு இரண்டு பிளஸ் என்றால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். அப்படியானால் சிறுநீரகம்தான் என்று முடிவு கட்டிவிடலாமா?

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சந்தேகப்படும் மீட்டரை மட்டும் தனியாகப் பார்க்க மாட்டோம், பக்கத்தில் நல்ல மீட்டர் ஒன்றை வைத்துப் பார்ப்போம். நல்ல மீட்டர் இங்கே இஞ்சி. ஒரே தாய், ஒரே வயது, ஒரே கூண்டு, ஒரே சாப்பாடு. கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருக்கிறான். அவன் சிறுநீரையும் நனைத்துப் பார்த்தேன். அவனுக்கும் இரண்டு பிளஸ்!

காரணம் இருக்கிறது. ஆண் எலியின் சிறுநீரில் இயல்பாகவே புரதம் உண்டு. கல்லீரல் தயாரித்து அனுப்புகிறது, வாசனை அடையாளத்துக்குப் பயன்படுகிறது. போதாததற்கு எலியின் சிறுநீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. ரொம்பக் காரமாக இருந்தாலே அந்தக் கட்டம் பச்சையாகிவிடும். அந்த ஸ்ட்ரிப் மனிதனுக்காகக் கேலிபரேட் செய்யப்பட்டது. எண்ணெய்க்குச் சரிபார்த்த மீட்டரில் தண்ணீரை ஓடவிட்டால் அதுவும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டத்தான் செய்யும். காட்டுகிறதே என்பதற்காக நம்பலாமா?

இப்போது மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இரண்டு எலிக்கும் ஒரே நிறம். ஒன்று இளைக்கிறது, ஒன்று இளைக்கவில்லை. எங்கே தவறுகிறது? ஸ்ட்ரிப் காட்டுவது செறிவு. ஒரு டெசிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பது மட்டும். இரண்டு பிளஸ் என்றால் சுமார் 100 மில்லிகிராம். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு புரதம் வெளியே போகிறது என்பதை அது சொல்லாது. கெட்டியாக ஒரு டம்ளர் மோர், அதே மோரைக் கரைத்து மூன்று டம்ளர் நீர்மோர். ஒரு கரண்டி எடுத்துப் பார்த்து மொத்தத் தயிர் எவ்வளவு என்று சொல்ல முடியுமா? எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் முடியும்.

ஆகவே அடர்த்தியை அளக்க வேண்டும். ஸ்ட்ரிப்பில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. பிராணிகளுக்கு அது நம்பகமானதல்ல. ரெஃப்ராக்டோமீட்டர் வேண்டும். கரும்புச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று ஆலையில் பார்ப்பார்களே, அந்தக் குழல். சிறுநீருக்கென்று அளவுகோல் பொறித்தது தனியாக வருகிறது. ஒரு துளி போதும். ஆரோக்கியமான எலி தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் ஜீவன். அதன் சிறுநீர் நல்ல கெட்டி. இஞ்சிக்கு 1.045 வந்தது. மிளகுக்கு 1.014. கெட்டிச் சிறுநீரில் இரண்டு பிளஸ் இயல்பு. தண்ணீராகப் போகும் சிறுநீரில் அதே இரண்டு பிளஸ் வந்தால் மொத்தப் புரதம் பல மடங்கு என்று அர்த்தம். ஸ்ட்ரிப்பில் ஒரே பச்சைதான், ஒருவன் ஆரோக்கியம், ஒருவன் நோயாளி.

தண்ணீர் குடிப்பதையும் அளந்தோம். எலிக்குப் பொதுக் கணக்கு, நூறு கிராம் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் பத்து மில்லி. காய்கறி தின்றால் இன்னும் குறையும். பாட்டிலைச் சமையலறைத் தராசில் காலையும் மாலையும் நிறுத்தால் போதும். ஒரு கிராம் ஒரு மில்லி. ஆனால் பாட்டில் சொட்டும், ஆவியாகும். அதனால் எலியே இல்லாத இடத்தில் அதே மாதிரி இன்னொரு பாட்டிலைத் தொங்கவிட்டு அதில் குறைவதைக் கழித்துக்கொண்டேன். "காலிக் கூண்டுக்கு எதுக்குத் தண்ணி?" என்று மனைவி கேட்டாள். ப்ளாங்க் ரீடிங் என்று விளக்கினேன். சம்பளம் வாங்குகிற வேலையை வீட்டில் சும்மா செய்கிறேன் என்று அவளுக்குப் பட்டிருக்கும். எலிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தால் ஏங்கிப்போகும். அதனால் கூண்டின் நடுவே ஒரு இரவு மட்டும் கம்பித் தடுப்பு வைத்தேன். ஒன்றை ஒன்று பார்க்கும், மோந்துகொள்ளும். பாட்டில் மட்டும் தனித்தனி. காலையில் இஞ்சியின் கணக்கு 38 மில்லி, மிளகின் கணக்கு 86. எடை மூன்று வாரத்தில் 541 கிராமிலிருந்து 507-க்கு இறங்கியிருந்தது.

இந்தத் தாளை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம். அங்கே நாய் பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் எலி பார்ப்பதில்லை. சிறு பிராணிகள் பார்ப்பவர் தனி. அந்த அம்மையார் தாளை இரண்டு நிமிஷம் படித்துவிட்டு, "ரத்தம் எடுத்தால்தான் மருந்து கொடுக்க முடியும்" என்றார். அரைக் கிலோ எலியின் உடம்பில் மொத்த ரத்தமே முப்பது மில்லிக்குக் கொஞ்சம் மேல். அரை மில்லி எடுப்பது ஆபத்தில்லை. ஆனால் துள்ளும், பயப்படும். மயக்க வாயு கொடுத்து வாலில் எடுப்பார்கள். நோயாளி எலியை மயக்கத்தில் ஆழ்த்துவது சாதாரண விஷயமல்ல. மகள் என் முகத்தையே பார்த்தாள்.

அந்த இடத்தில் நான் கேட்டது ஒரே கேள்வி. "ரிசல்ட் எப்படி வந்தாலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றுதானா, அல்லது மாறுமா?" மாறும் என்றார். மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பது கிரியேட்டினினைப் பார்த்துத்தான் என்றார். மாறாது என்றிருந்தால் மிளகைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

ரிசல்ட்டில் யூரியா நன்றாக உயர்ந்திருந்தது. கிரியேட்டினின் மேல் எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. குளுக்கோஸ் 172. பார்த்தீர்களா, இந்த ஒரு எண்ணை மட்டும் என் மனைவியிடம் கொடுத்திருந்தால் அன்றைக்கே சுகர் என்று முத்திரை விழுந்திருக்கும். மருத்துவர் அதைச் சட்டை செய்யவே இல்லை. பயத்திலும் மயக்க வாயுவிலும் எலிக்குச் சர்க்கரை ஏறும். மூன்று வாரமாகச் சிறுநீரில் சர்க்கரை இல்லையே, அதுதான் சாட்சி என்றார்.

கிரியேட்டினின் ஏன் கொஞ்சம்தான் ஏறியிருந்தது? இது பொறியியல் கேள்வி. ஒரு எலிச் சிறுநீரகத்தில் சுமார் முப்பதாயிரம் வடிகட்டிகள் இருக்கின்றன. நமக்குச் சுமார் பத்து லட்சம். எல்லாம் பேரலல் இணைப்பு. சில பழுதானால் மீதி அதிக வேலையை ஏற்றுக்கொள்ளும். வெளியே எந்த மீட்டரும் அசையாது. முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் தெளிவாக ஏற ஆரம்பிக்கும். நல்ல டிசைன்தான், ஆனால் அலாரம் மிகத் தாமதமாக அடிக்கும் டிசைன். கூடுதல் சுமை ஏற்றுக்கொண்ட வடிகட்டிகளும் அந்த அழுத்தத்திலேயே ஒவ்வொன்றாகக் கெடும் என்று 1982-ல் பாஸ்டனில் ப்ரென்னர் குழுவினர் எழுதினார்கள். அவர்கள் அதைக் கண்டதும் எலிகளில்தான்.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அளவுச் சாப்பாடு, புரதம் குறைவு. முட்டை, கோழித் துண்டு எல்லாம் நிறுத்தியாயிற்று. வயிறு முட்டத் தின்னும் எலிக்கு இந்த நோய் சீக்கிரம் வரும், அளவாகத் தின்னும் எலிக்குத் தாமதமாக வரும் என்பது ஆய்வுக்கூடங்களில் பல தடவை பார்த்த உண்மை. தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது. அதிகம் போகிறதே என்று குறைத்தால் எலி செத்துவிடும். கூடவே பெனாஸெப்ரில் என்ற மருந்து, சொட்டுக் கணக்கில். ஏஸ் தடுப்பான் என்ற வகை. அந்த வகைக்கு ஒரு கதை இருக்கிறது. 1986-ல் அதே பாஸ்டனில், சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு எனலாப்ரில் கொடுத்து, வடிகட்டிகளுக்குள் அழுத்தத்தைக் குறைத்தால் சிறுநீரகம் தப்பிக்கிறது என்று காட்டினார்கள். 1993-ல் கேப்டோப்ரில் மனிதர்களிலும் அதையே செய்தது. எலி நமக்குக் கொடுத்ததில் ஒரு சொட்டு மிளகுக்குத் திரும்பிப் போயிற்று.

இதற்குள் எனக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. அந்த வருஷம் லீவில் ஊருக்கு வந்தபோது அப்பாவின் ஃபைலைக் கேட்டு வாங்கினேன். பதினெட்டு வருஷ ஃபைல். சாப்பிடும் முன், சாப்பிட்ட பின் என்று ரத்தச் சர்க்கரை ரிப்போர்ட் ஒரு கட்டு. நாலைந்து இடத்தில் கிரியேட்டினின், எல்லாம் நார்மல். சிறுநீரில் அல்புமின் பார்த்த ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லை. எலிக்கு மூன்று வாரத்தில் பதினைந்து தடவை பார்த்திருக்கிறேன், அப்பாவுக்குப் பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவையும் யாரும் எழுதித் தரவில்லை. அப்பாவும் கேட்டுக்கொள்ளவில்லை. "கிரியேட்டினின் நார்மல்னு போட்டிருக்கேப்பா" என்றார். அது நார்மல் என்பதற்கு எவ்வளவு அர்த்தம் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வருஷம் ஒரு தடவை சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும் என்பது உலகமெங்கும் ஏற்றுக்கொண்ட விதி. விகிதம் ஏன் என்று யோசித்தால் அதே மோர்க் கதைதான். அல்புமினை மட்டும் அளந்தால் எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்பதைப் பொறுத்து எண் மாறும். கிரியேட்டினினால் வகுத்துவிட்டால் தண்ணீர்க் கணக்கு அடிபட்டுப்போகும். ரெஃப்ராக்டோமீட்டர் செய்த வேலையை இங்கே ஒரு வகுத்தல் கணக்கு செய்கிறது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்புமினுக்குள் இருக்க வேண்டும். அப்பாவுக்கு 84.

அம்மா உடனே குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள். டாக்டர் அவசரப்படவில்லை. காய்ச்சல் இருந்தாலும், கடுமையாக வேலை செய்திருந்தாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். பார்த்தால் 76. அதற்குப் பிறகுதான் பிரஷர் மாத்திரையை மாற்றி லோசார்ட்டன் எழுதினார். ஏஸ் தடுப்பானின் பங்காளி மாதிரி ஒரு மருந்து. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அப்பாவே போய் டெஸ்ட் எடுத்து, எண்ணை மட்டும் எனக்கு அனுப்புகிறார். கடைசியாக வந்தது 41.

இங்கே உட்கார்ந்திருக்கும் சீனியர்களில் சுகர் மாத்திரை போடுபவர்கள் எத்தனை பேர் என்று கையைத் தூக்கச் சொல்லப்போவதில்லை. மதியச் சாப்பாட்டில் இலையில் இனிப்பு வேண்டாம் என்று சொல்பவர்களை எண்ணிக்கொள்கிறேன். அவர்கள் அடுத்த தடவை லேபுக்குப் போகும்போது இந்த டெஸ்ட் எழுதியிருக்கிறதா என்று சீட்டைப் பார்க்கட்டும். விலை அதிகமில்லை. ஊசியும் கிடையாது.

மிளகு அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தான். எடை 500-ஐ ஒட்டியே நின்றது, கடைசி மூன்று வாரத்தில்தான் சரிந்தது. எலிக்கு ஐந்து மாதம் என்பது நம் கணக்கில் பத்து வருஷத்துக்கும் மேல். கடைசி நாளில் மருத்துவர் எங்களிடம் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தராசுத் தாளில் என் மகள் கையெழுத்தில் எல்லா எண்ணும் இருந்தன. அவளே பார்த்துப் புரிந்துகொண்டாள். தோட்டத்தில் புதைத்தோம். இஞ்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

செயலாளருக்குக் கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி. வேலைவாய்ப்பு. வேலை எங்கே இருக்கிறது என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, ஆனால் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். கையால் பாட்டிலை நிறுப்பதில் ஒரு குறை. எலி குடிப்பது பெரும்பாலும் ராத்திரியில். யார் எப்போது குடித்தார்கள் என்று தெரியாது. பாட்டிலை ஒரு லோட் செல்லில் தொங்கவிட்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை எடையைப் பதிவு செய்யலாம். லோட் செல்லும் அதற்கான 24 பிட் ஆம்ப்ளிஃபையர் போர்டும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஆனால் வெப்பநிலை மாறினால் ரீடிங் நகரும். ராத்திரி முழுக்க ஒரே எடையைத் தொங்கவிட்டால் அதுவே மெதுவாக ஊர்ந்து மாறும். எலி கூண்டை உலுக்கும். இதையெல்லாம் தாண்டி ஒரு மில்லியைப் பிடிக்க வேண்டும்.

இரண்டு எலிகளில் குடித்தது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கம்பித் தடுப்பு கூடாது. கேமரா வைக்கலாம் என்று ஒரு தம்பி காலையில் சொன்னார். அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. பாட்டிலுக்கு முன்னால் எலி நிற்கும் பலகைக்கு அடியில் இன்னொரு லோட் செல். நிற்பவன் 507 கிராமா, 470 கிராமா என்று பலகையே சொல்லிவிடும். தினசரி எடையும் கூடவே கிடைத்துவிடும். இரண்டு எலியும் ஒரே எடைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. யாருக்காவது தோன்றினால் மாலை நான்கு மணிக்குமேல் கேன்டீன் பக்கம் வாருங்கள், அங்கேதான் இருப்பேன்.